மூன்றாம் பலகையின் முகம்

எங்கள் சதுரங்க அணியின் மூன்றாம் பலகைக்காரருக்கு ஒரே முகம்தான். வென்றாலும் அதே முகம், தோற்றாலும் அதே முகம். எப்போது பார்த்தாலும் துக்கம் விசாரித்துவிட்டு இப்போதுதான் திரும்பியவர் போல இருப்பார். ஆறு வருடங்களாக அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறேன். இது தெரிந்திருந்தும் அந்த முகத்தை நம்பி ஒரு டிராவை மறுத்தேன்.

கோப்பைப் போட்டியின் அரையிறுதி. இரண்டு கிளப்புகள், ஆறு பலகைகள். ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது வினாடி கூடுதல். பட்டியலில் எங்கள் அணியின் பெயர் முதலில் வந்ததால் ஒற்றைப்படைப் பலகைகளில் எங்களுக்கு வெள்ளை, இரட்டைப்படையில் கறுப்பு. நான் நான்காம் பலகை. முதல் பலகைக்கு மரியாதை உண்டு. கடைசிப் பலகையில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் ஆடுவதால் அதற்குச் செல்லம் உண்டு. நான்காம் பலகையை வேடிக்கை பார்க்க வருபவர்கள்கூடத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. யாரும் பார்க்காத இடத்தில் தப்பு செய்வது ஒரு சுகம்.

சதுரங்கத்தை அணி ஆட்டம் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிக்கிறார்கள். பந்தைத் தட்டிவிட ஆளில்லை, கத்திக் கூப்பிடவும் அனுமதியில்லை. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து தனித்தனியாக அவதிப்படுகிறீர்கள், அவ்வளவுதானே என்பார்கள். பாதி உண்மை. மறுபாதி ஆட வந்தவனுக்குத்தான் தெரியும். தனிநபர் போட்டியில் அரைப் புள்ளி எப்போதும் அரைப் புள்ளிதான். அணிப் போட்டியில் அதே அரைப் புள்ளியின் மதிப்பு பக்கத்துப் பலகையில் நடப்பதைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நாலு மணிக்குப் பொக்கிஷமாக இருந்த டிரா நாலரை மணிக்குத் துரோகமாகிவிடும். இவ்வளவுக்கும் உங்கள் பலகையில் ஒரு காய்கூட நகர்ந்திருக்காது.

1970இல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியம் ஒரு பக்கம், மீதி உலகம் மறுபக்கம் என்று ஒரு போட்டி நடந்தது. பத்துப் பலகைகள், நான்கு சுற்றுகள், மொத்தம் நாற்பது ஆட்டங்கள். முதல் பலகை தனக்குத்தான் வேண்டும் என்று டென்மார்க்கின் பென்ட் லார்சன் பிடிவாதமாக நின்றார். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ரகளை செய்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தபோது, அவர் சத்தமில்லாமல் இரண்டாம் பலகைக்கு இறங்கி, அங்கே பெத்ரோசியனை 3–1 என்று வீழ்த்தினார். மேல் பலகைகளில் உலக அணி ஓங்கியது. கீழ்ப் பலகைகளில் சோவியத் அணி அதை ஈடுகட்டிக்கொண்டது. முடிவு 20½–19½. உலக அணியில் தோற்றவர்களில் யாராவது ஒருவர், ஏதாவது ஓர் ஆட்டத்தை டிராவுக்கு இழுத்திருந்தால் 20–20. அந்த ஒருவர் தான்தானோ என்று எத்தனை பேர் இரவு விழித்துக் கிடந்திருப்பார்கள் என்று யோசிப்பேன். இப்போது கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்கிறேன்.

எங்கள் போட்டிக்கு வருகிறேன். முதல் பலகையில் இருபத்திரண்டு நகர்த்தல்களில் ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பத்து வருடமாக அறிந்தவர்கள். சேர்ந்து வெளியே போய்விட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாம் பலகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆள் கோட்டை கட்டப் போனார், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்தப் போனார். ராஜா பக்கம் எல்லாம் காலியாக, தயாராக இருந்தது. ஆனால் கை முதலில் எச்8 கட்டத்து யானை மீது போய்விட்டது. அதைத் தூக்கி எஃப்8இல் வைத்துவிட்டு ராஜாவை நோக்கிக் கை நீட்டினார். எதிரே இருந்த இளைஞன் மிகப் பணிவாக, “சார், யானையை முதலில் தொட்டுவிட்டீர்கள்” என்றான். விதி தெளிவானது: கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்த்தலில் கோட்டை கிடையாது; தொட்ட யானையை ஆடியாக வேண்டும். வீட்டில் எத்தனையோ ஆயிரம் முறை யானையை முதலில் எடுத்துக் கோட்டை கட்டியிருப்பார், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவர் வந்தார், தலையசைத்தார், போனார். யானை எஃப்8இல், ராஜா ஈ8இல். நகர்ந்துவிட்ட யானையோடு இனி அந்தப் பக்கம் கோட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுப்பலகையில் மாட்டிக்கொண்ட ராஜாவை அந்த இளைஞன் அவசரப்படாமல் அடித்தான். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன், அவ்வளவு பணிவாகச் சொல்லியிருப்பேனா என்பதுதான் சந்தேகம்.

½–1½. இதுவரை எனக்குச் சரியாகத் தெரியும்.

என் பலகையில் ராணிகள் முப்பதாவது நகர்த்தலுக்கு முன்பே போய்விட்டன. ஆளுக்கொரு யானை, நான்கு நான்கு சிப்பாய்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இந்த நிலையைப் பார்க்கும் எவரும் கொட்டாவி விடுவார்கள். முப்பத்தெட்டாவது நகர்த்தலில் எதிராளி யானையை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு “டிரா?” என்று கேட்டார், பிறகு கடிகாரத்தை அமுக்கினார். முறைப்படிதான் கேட்டார்: முதலில் நகர்த்தல், பிறகு கேள்வி, பிறகு கடிகாரம். இனி ஓடுவது என் நேரம். என்னிடம் மிச்சம் நான்கு நிமிடம்.

இங்கேதான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அணிப் போட்டியில் டிரா கேட்டால் அணித்தலைவரிடம் கேட்கலாம். அணித்தலைவர் பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆனால் ‘டிரா கேள்’, ‘டிராவை ஒப்புக்கொள்’, ‘ஆட்டத்தை விட்டுக்கொடு’ என்ற அளவில் சொல்வதற்கு அணிப் போட்டிகளின் நெறிகள் நீண்ட காலமாக இடம் தந்திருக்கின்றன. எங்கள் தலைவர் ஐந்தாம் பலகையில் ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு வலப்பக்கத்து நாற்காலி. சாய்ந்தால் அவர் தோள் என் தோளில் இடிக்கும். அவர் கடிகாரத்தில் இரண்டே நிமிடம் இருந்ததால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். இப்படிச் சொன்னால் பெருந்தன்மை போலத் தெரிகிறது. உண்மையில் கேட்கத் தேவையில்லை, எனக்கே எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு என்ன தெரியும்? இடப்பக்கம் திரும்பினேன். மூன்றாம் பலகையில் ஆட்டம் முடிந்து, காய்களை மறுபடி வரிசையாக அடுக்கிவிட்டார்கள். நம்மவர் நெற்றியில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு ஆடியவரோ கதவருகே யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. முடிவுகளைக் குறிக்கும் தாள் பத்தடி தூரத்தில் நடுவரின் மேசைமேல் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மனதில் ½–2½ என்று எழுதிக்கொண்டேன். இனி டிரா எதற்கு உதவும்? ஒரு சிப்பாயைத் தொட்டேன். எதிராளி கேட்ட டிராவுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. காயைத் தொட்டாலே மறுத்ததாகத்தான் பொருள். அவர் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். தங்கள் அணி முந்தியிருப்பதாக நம்பி ஒருவர் டிரா கேட்டால், மறுக்கும்போது அவர் முகத்தில் எரிச்சல் வரும். இவர் முகத்தில் வந்தது ஆச்சரியம்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் பலகையில் நம்மவர் வென்றிருந்தார். எளிதாகவே வென்றிருந்தார். நடுவில் மூன்று நகர்த்தல்களில் வந்திருக்க வேண்டிய செக்மேட் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, அதற்குப் பிறகு பதினைந்து நகர்த்தல்கள் கூடுதலாக ஆட வேண்டிவந்ததாம். அந்த வெட்கத்தில்தான் நெற்றியில் கை. தோற்றவர், எப்படியோ பதினைந்து நகர்த்தல்கள் கூடுதலாக உயிரோடு இருந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையான ஸ்கோர் 1½–1½. ஐந்தாம் பலகையில் நம் தலைவர் கை ஓங்கியிருந்தது. நான் டிராவை ஒப்புக்கொண்டிருந்தால் 2–2, நெருக்கடி முழுக்க அவர்கள் தலையில்.

சமமான நிலையை வெல்ல முயல்வது எப்படி என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமையாக ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள்; எதிராளியைத் தானே தப்பு செய்ய விடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஜி சிப்பாயை முன்னால் தள்ளினேன். அது தனியாகப் போய் நின்றது. அதைக் காப்பாற்ற யானையை அனுப்பினேன். யானை அங்கே போனதும் இந்தப் பக்கம் ஏ சிப்பாய் அனாதையானது. ஒரு சிப்பாய் போனது. மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாக மாறி மாறி வெட்டுப்பட்டன. அறுபதாவது நகர்த்தலில் அவரிடம் ராஜா, யானை, ஈ வரிசையில் ஒரு சிப்பாய். என்னிடம் ராஜா, யானை, தலைவலி.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறேன். 2022 சென்னை ஒலிம்பியாடின் பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணியும் உஸ்பெகிஸ்தானும். அதுவரை ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளி எடுத்திருந்த குகேஷ், முதல் பலகையில் அப்துசத்தொரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்தார். வெற்றிக்காக மேலும் மேலும் முயன்று, நேரம் கரைந்த வேளையில் குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். பிரக்ஞானந்தா வென்றிருந்தும் அந்தப் போட்டி 2–2 ஆனது. முதல் பலகையில் ஒரு டிரா வந்திருந்தால் 2½–1½. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. ஒரே ஒரு வித்தியாசம், அவருக்கு வெல்ல நிலை இருந்தது. எனக்கு இருந்தது நினைப்பு மட்டும்.

இதற்கிடையில் தலைவர் இரண்டு வினாடி, மூன்று வினாடி என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டே ஐந்தாம் பலகையில் வென்றுவிட்டார். நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஆறாம் பலகையைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் கடைசிப் பலகை பன்னிரண்டு வயதுப் பெண். அவளுக்கு எதிரே ஐம்பதைக் கடந்த ஒருவர். அவரிடம் மந்திரி, ஜி சிப்பாய், எச் சிப்பாய். இவளிடம் ஒரு குதிரை மட்டும். தோல்வி என்று நான் முடிவு கட்டியிருந்தேன் (அன்று நான் கட்டிய முடிவுகளின் தரம் உங்களுக்கே தெரியும்). அவள் குதிரையைத் தூக்கி ஜி சிப்பாயை வெட்டினாள். மந்திரி குதிரையை வெட்டியது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ‘ச்ச்’ என்றார். அவள் விடுவிடுவென்று ராஜாவை எஃப்8, ஜி8, எச்8 என்று மூலைக்குக் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டு, மேசைக்கு அடியில் காலை ஆட்டத் தொடங்கினாள்.

எச்8 கறுப்புக் கட்டம். அவரிடம் இருந்தது வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நகரும் மந்திரி. அந்த மூலையில் இருக்கும் ராஜாவை அது ஆயுளுக்கும் தொட முடியாது. சிப்பாயையும் ராஜாவையும் கொண்டுவந்து நெருக்கினால், செக் இல்லாமல் நகர இடமில்லாத நிலை வந்து ஆட்டம் டிரா. ஒரு சிப்பாயும் ஒரு முழு மந்திரியும் கூடுதலாக வைத்துக்கொண்டு அந்த மனிதர் பதின்மூன்று நகர்த்தல்கள் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் எச்8, ஜி8, எச்8 என்று போய் வந்தாள். கடைசியில் அவர் சிரித்துவிட்டுக் கை கொடுத்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடித்திருந்தது.

தலைவர் என் பலகைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. தலையைத் திருப்பாமல், “ஸ்கோர்?” என்றேன். “மூன்றுக்கு இரண்டு.”

“யாருக்கு?”

ஒரு கணம் தயங்கினார். “நமக்கு.”

இதைக் கேட்டவுடன் என் கை நடுங்கத் தொடங்கியது. தோற்றுவிட்ட போட்டியில் கௌரவத்துக்காக ஆடுகிறேன் என்று நம்பிய வரையில் நிம்மதியாக இருந்தேன். டிரா போதும், டிரா செய்தால் இறுதிப் போட்டி என்று தெரிந்ததும் நிம்மதி போனது. டிரா செய்யும் வழியும் எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளரும் சதுரங்க மேதையுமான பிலிடோர் காட்டிக்கொடுத்த வழி அது. எங்கள் கிளப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

நிலை இது. அவர் ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை எச்7. என் ராஜா ஈ8, யானை ஏ6. பிலிடோர் சொல்வது இவ்வளவுதான்: யானை ஆறாம் வரிசையிலேயே இருக்கட்டும், எதிரி ராஜா உள்ளே வர முடியாது. சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வந்த பிறகு, அப்போதுதான், யானையைக் கீழே முதல் வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடு. முன்னால் ஒளிய இடமில்லாத ராஜாவுக்கு செக்கிலிருந்து தப்ப வழியில்லை. இதில் சூட்சுமம் ஒரே சொல்லில் இருக்கிறது: பிறகு. பிள்ளைகளிடம் இதை மூன்று முறை சொல்லவைப்பேன்.

நான் ஏ6, பி6, ஏ6 என்று போய் வந்தேன். அவரும் யானையை எச்7, ஜி7, எச்7 என்று ஆட்டினார். ஒன்பது நகர்த்தல்கள் போயின. சும்மா இருப்பதுதான் வேலை, அதைச் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு பயம் வந்தது. நான் எதையோ மறந்துவிட்டேனோ, யானை ஏற்கெனவே கீழே போயிருக்க வேண்டுமோ? எழுபதாவது நகர்த்தலில் யானையை ஏ1க்கு இறக்கினேன். சிப்பாய் இன்னும் ஈ5இல்தான் இருந்தது. அவர் ஒரு சும்மா நகர்த்தல் ஆடினார். நான் யானையை ஈ1க்குக் கொண்டுபோய்ச் சிப்பாயின் முதுகில் நிறுத்தினேன். அவர் ராஜா ஈ6க்கு வந்தது. அடுத்து எச்8இல் செக்மேட் என்ற மிரட்டல்.

இன்னும் டிராதான். ராஜாவை நகர்த்த இரண்டு கட்டங்கள்: எஃப்8, டி8. எஃப்8 குறுகிய பக்கம், டி8 அகன்ற பக்கம். குறுகிய பக்கம் போக வேண்டும்; அகன்ற பக்கத்தை யானை செக் கொடுப்பதற்காகக் காலியாக விட வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் யானை எச்7இல், வலப்பக்கத்தில் நின்றது. எஃப்8 அதற்கு அருகே போவது போலத் தெரிந்தது. போனால் எச்8இல் செக் கொடுப்பார். நான் ஜி7க்கு ஏறி அந்த யானையையே மிரட்டலாம். அவ்வளவு எளிது. கண்ணுக்கு அது தெரியவில்லை. ஓடுகிறவன் துரத்துகிறவனை விட்டு விலகித்தான் ஓடுவான். டி8இல் வைத்தேன். கடிகாரத்தை அமுக்குவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றிருந்தது.

எண்பத்து நான்காவது நகர்த்தலில் விட்டுக்கொடுத்தேன். 3–3.

சமன் என்றால் இன்னொரு நாள் ஆடுவது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கோப்பையில் பலகை எண்ணிக்கை என்று ஒரு விதி உண்டு. வென்ற பலகைகளின் எண்களைக் கூட்ட வேண்டும், டிராவுக்குப் பாதி. யாருடைய கூட்டல் குறைவோ அவர்கள் மேலே. மேல் பலகையில் வெல்வதுதான் கடினம் என்ற நியாயம் அதில் இருக்கிறது. எங்களுக்கு மூன்றும் ஐந்தும் வெற்றி, ஒன்றும் ஆறும் டிரா: 11½. அவர்களுக்கு இரண்டும் நான்கும் வெற்றி, அதே டிராக்கள்: 9½. என் நான்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது நானேதான் என்பதை இந்தக் கூட்டல் எவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறது பாருங்கள்.

எதிராளி நல்ல மனிதர். கை குலுக்கிவிட்டு, “நான் கேட்டபோதே ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?” என்றார். மூன்றாம் பலகையைக் காட்டி விளக்க முயன்றேன். பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். காரணம் அவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டோம். மூன்றாம் பலகைக்காரர் சுவரோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே முகம்.

வெளியே போய்விட்டு அப்போதுதான் திரும்பி வந்த அந்தப் பெண், நான் சிரிப்பதைப் பார்த்தாள். “அங்கிள், டிராவா? அப்படியென்றால் இறுதிப் போட்டியா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவரிடம் சொல்ல ஓடிவிட்டாள். நடுவரின் மேசையைத் தாண்டித்தான் ஓடினாள்.